ஜீவனாம்சம்: அதுல பிள்ளையோட பங்கு எவ்வளவு, யார் கணக்கு போடறா?

டைவர்ஸ்னு பேச்சு வந்தா அடுத்து வர்ற வார்த்தை ஜீவனாம்சம் தான். ஜீவனம்னா பிழைப்பு, அம்சம்னா பங்கு, ரெண்டுமே வடமொழி, சேர்த்தா ஒருத்தர் பிழைக்கிறதுக்குன்னு ஒதுக்கி வைக்கிற பங்கு. சீவனாம்சம்னும் எழுதுவாங்க. யாரோட பிழைப்புன்னு அந்த சொல்லுக்குள்ள எங்கயும் இல்ல, சட்டத்துலயும் மனைவி, பிள்ளை, அப்பா, அம்மா எல்லாருமே கேட்கலாம், ஆனா நம்ம பேச்சுல அது புருஷன் பொண்டாட்டிக்கு குடுக்கிற காசுன்னே ஆகிப்போச்சு. இதுல காணாம போறது குழந்தை.

"எனக்கு ஒத்த பைசா வேணாம், விட்டா போதும்"னு சொல்லி மியூச்சுவல் டைவர்ஸ்ல (ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்குறது) கையெழுத்து போட்டுட்டு, பிள்ளைக்கும் சேர்த்து விட்டுக்கொடுத்தாச்சுன்னு நினைச்சுக்கிறவங்க நிறைய. அப்படி இல்லங்க. பிள்ளையோட உரிமை பிள்ளையோடது, அம்மா எழுதிக் குடுத்ததால அது போயிடாது, பிற்பாடு பிள்ளை பேர்ல மனு போடலாம். அம்மா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா அவங்களுக்கு வர்றது நின்னுடலாம், பிள்ளைக்கு வர்றது அதுக்காக நிக்காது. முஸ்லிம் குழந்தைகளுக்கும் இந்த உரிமை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் 1997லயே சொல்லியாச்சு.

சரி, எவ்வளவு? சம்பளத்துல இத்தன பர்சென்ட்னு இந்தியாவுல பிள்ளைக்கு ஃபார்முலா எதுவும் கிடையாது. 25 சதவீதம்னு ஊர்ல சுத்துறது சுப்ரீம் கோர்ட் மனைவி கேஸ்ல சொன்னது (2017 தீர்ப்புலயும் வரும்), அதுவும் கட்டாய விதி இல்ல, பிள்ளைக்கான கணக்கும் இல்ல. முன்னாடி ஜீவனாம்சம் கேட்கிற பிரிவான குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ல மாசம் 500 ரூபாய்க்கு மேல கேட்கவே முடியாது, 2001ல தான் அந்த உச்சவரம்ப எடுத்தாங்க. 2024 ஜூலை 1லேர்ந்து அதே பிரிவு, அந்த சட்டத்துக்கு பதிலா வந்த புது சட்டத்துல (BNSS) 144.

இப்போ ஜட்ஜ் முக்கியமா பாக்கிறது ரெண்டு பேரும் தாக்கல் பண்ற சொத்து, வருமான அஃபிடவிட்ட (உறுதிமொழிப் பத்திரம்). 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் இத கட்டாயமாக்கிடுச்சு, சாலரி ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், ஐடி ரிட்டர்ன், கடன், எல்லாம் அதுல வரணும். பணமும் ஆர்டர் வந்த நாள்லேர்ந்து இல்ல, மனு போட்ட நாள்லேர்ந்து கணக்கு. வரி, பிஎஃப் மாதிரி கட்டாயப் பிடித்தம் போக கைக்கு என்ன வருதுன்னு பாப்பாங்க, தானா இழுத்துவிட்டுக்கிட்ட கார் ஈஎம்ஐ எல்லாம் பொதுவா எடுபடாது. இன்னொரு பக்கம் பிள்ளையோட செலவு: ஸ்கூல் ஃபீஸ், வேன், டியூஷன், சாப்பாடு, துணிமணி, காய்ச்சல்னு போனா மருந்துக்கடை பில், இதெல்லாம் ரசீதோட வச்சா தான் நம்பர் நிக்கும், வாயால சொன்னா பாதியா வெட்டிடுவாங்க.

அம்மா சம்பாதிச்சா அப்பாவுக்கு விடுதலையான்னா இல்ல, பங்கு பிரியும். 2000ல சுப்ரீம் கோர்ட் முடிச்ச ஒரு கேஸ்ல அப்பா சம்பளம் அம்மாவோடத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ஒரு பிள்ளைக்கு மாசம் 3000 ரூபாய்னு நிர்ணயிச்சு 2:1ன்னு பிரிச்சாங்க, அதாவது அப்பா 2000, அம்மா 1000. எனக்கு இது ரொம்ப நியாயமாப் படுது, பிள்ளைக்கு என்ன வேணும்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் தான் யார் எவ்வளவுன்னு வர்றாங்க. "வேலை இல்ல"ன்னு கைய விரிக்கிறதும் செல்லாது, உடம்பு நல்லா இருந்தா கூலி வேலை செஞ்சாவது குடுக்கணும்னு 2022ல தீர்ப்பு இருக்கு.

வயசு வரம்பு 18, ஆனா இந்து சட்டத்துல கல்யாணம் ஆகாத பொண்ணு தன்னால சமாளிக்க முடியலன்னா அதுக்கு மேலயும் கேட்கலாம். பாக்கி வச்சா வாரண்ட், ஜெயில் வரைக்கும் போகும், ஆனா பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்ல கேட்டுடணும், இத கோட்டை விட்றாதீங்க.

ஜீவனாம்சம்ன்ற வடமொழிச் சொல்லுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்? பிழைப்பூதியம்னு ஒண்ணு இருக்கு, ஆனா சஸ்பெண்ட் ஆன அரசு ஊழியருக்கு தர்ற பணத்துக்கு அது ஏற்கனவே பேரு. மனைவிக்கு வாழ்க்கைப்படி நல்லா பொருந்தும், பயணப்படி, அகவிலைப்படி எல்லாம் பழகின சொல் தானே. இலங்கைல தாபரிப்புன்றாங்க, அங்க 1999 சட்டமே தாபரிப்புச் சட்டம் தான், 18லேர்ந்து 25 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களும் அதுல கேட்கலாம். இங்க பிள்ளைக்கு பராமரிப்புத் தொகைன்னு பத்திரிகைல வருது, நான் பிள்ளை வளர்ப்புத் தொகைன்னு சொல்வேன், படிக்கிறவங்களுக்கு பணம் யாருக்குன்னு உடனே புரியும். எந்தச் சொல்ல போட்டாலும் மனுலயும் சரி, சமரச ஒப்பந்தத்துலயும் சரி, அம்மாவுக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவுன்னு தனித்தனி வரியா எழுத சொல்லி வக்கீல்கிட்ட கேட்டு வாங்குங்க, ஒரே மொத்தத் தொகையா எழுதிட்டா நாளைக்கு அதுல பிள்ளையோடது எதுன்னு திரும்ப கோர்ட்ல நின்னு நிரூபிக்கணும்.