அந்த வாக்கியத்தைச் சொன்னது யார்?

பக்கவாதமோ நரம்பு நோயோ பேச்சைப் பறித்த பிறகும், பலருக்குப் பேச்சை இயக்கும் மூளைப் பகுதி ஓய்ந்துவிடுவதில்லை. நாக்கையும் உதட்டையும் அசைக்கும் ஆணை அங்கே பிறக்கிறது. வாய்க்குத்தான் வந்து சேர்வதில்லை. அந்த ஆணையை வழியிலேயே மடக்கிப் பிடித்துச் சொற்களாக மாற்றுகிறது மூளை-கணினி இடைமுகம் என்ற கருவி.

மூளையில் பதித்த நுண்மின்முனைகள் நரம்பணுக்களின் துடிப்புகளைப் பதிவு செய்கின்றன. இப்போது வருவது எந்த ஒலி என்று செயற்கை நுண்ணறிவு கணிக்கிறது. 'ப'வாக இருக்கலாம், 'ம'வாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் உதடு மூட வேண்டுமே! இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது மொழி மாதிரி. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தை வைத்து, பொருந்துகிற வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி நிமிடத்துக்கு 62 சொற்களை எட்டினார்கள். நூறு சொல்லில் சுமார் 24 தப்பு. அதே மூளைப் பதிவுகளை இன்னும் திறமையான மொழி மாதிரியிடம் கொடுத்துப் பார்த்தபோது பிழை 17 ஆகக் குறைந்தது. மூளையிலிருந்து புதிதாக எதுவும் வரவில்லை, யூகம்தான் கூர்மையானது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். பேச்சுவழக்கில் அடிக்கடி வருவதை நோக்கியே மாதிரி சாயும். ஒருவர் வழக்கமில்லாத ஒன்றைச் சொல்ல வந்தால்? அது உயிலாகவோ அறுவை சிகிச்சைக்கான சம்மதமாகவோ இருந்தால்?

சட்டங்கள் வேறு பக்கம் காவல் நிற்கின்றன. சிலி 2021இல் மூளைச் செயல்பாட்டுக்கான பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே எழுதியது. தலையில் அணியும் கருவி வழியே சேகரித்த ஒருவரின் மூளைத் தரவை அழிக்கும்படி 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அமெரிக்காவின் கொலராடோவும் கலிஃபோர்னியாவும் 2024இல் நரம்புத் தரவைத் தனியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. எல்லாம் தேவைதான். ஆனால் இவை தரவு யாருடையது என்று கேட்கின்றன, யூகம் யாருடையது என்று கேட்கவில்லை.

ரகசியத்துக்கு வேண்டுமானால் பூட்டு போடலாம். திரையில் தெரிந்த உருவங்களை எண்ணச் சொன்னால், மனசுக்குள் ஓடும் எண்களின் சாயலும் சமிக்ஞையில் தெரிவதாக 2025இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதைத் தடுக்க, ஒரு கடவுச்சொல்லை மனதில் நினைத்தால் மட்டுமே கருவி திறக்கும்படி செய்தார்கள்; 98 சதவீதத்துக்கும் மேல் பலித்தது.

யூகத்துக்கு அப்படிப் பூட்டு கிடையாது. மாதிரி தடுமாறிய சொல்லை வேறு நிறத்தில் காட்டலாம். 'நான் சொன்னது இதுவல்ல' என்று கண்ணசைவால் மறுக்க வழி வைக்கலாம். பேச்சின் வேகம் கொஞ்சம் குறையும். அரட்டையில் அது தொல்லை. கையெழுத்துக்குச் சமமான வாக்கியத்தில் இந்தச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியே தீர வேண்டும்.