‘எஃப்.ஐ.ஆர். இருக்கா?’ என்று திருப்பி அனுப்பினால்: குடும்ப வன்முறைப் புகாரில் களப்பணியாளர்களுக்கு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிபடும் பெண் வக்கீலைத் தேடிப் போவதற்கு முன், அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியிடமோதான் வாய் திறக்கிறாள். இவர்களுக்கு நடக்கும் பயிற்சியோ பிரிவு எண்களை வாசித்துக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. அலுவலகத்தில் என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அங்கே நின்று என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை யாரும் கற்றுத் தருவதில்லை.

“நான் சொன்னதாத் தெரிஞ்சா என் மேல கேஸ் வருமா?” என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. வராது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில், கிரிமினல் வழக்கு எதுவும் கிடையாது என்று பிரிவு 4 சொல்கிறது. எழுதித்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. வாயால் சொன்னால் பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்த அதிகாரி) எழுதிக்கொண்டு, நகலை இலவசமாகத் தர வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அவரைக் கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181 எந்நேரமும் இயங்கும். உயிருக்கு ஆபத்தென்றால் அவசர உதவி எண் 112. அப்படிப்பட்ட அவசரம் இல்லாதபோது அந்தப் பெண்ணைக் கேட்காமல் யாரையும் அழைக்காதீர்கள். அடிப்பவன் எப்போது வெறியாவான் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மாமியார், கணவன், பேசத் தெரிந்த குழந்தை பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கூடாது. பிரஷர் பார்க்க, எடை போடத் தனியே அழைத்துக் கேளுங்கள். “ஏன் இத்தனை நாள் பொறுத்துக்கிட்ட?” என்று கேட்டால் அவள் மறுபடி வாய் திறக்க மாட்டாள். கழுத்தை நெரித்தானா, கத்தி, மண்ணெண்ணெய் எடுத்தானா என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள். கழுத்தில் கை வைத்தவன் கொலைவரை போகக்கூடியவன். கணவனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேசாதீர்கள். அன்று இரவே அவளுக்கு அடி விழும்.

இனி அலுவலகங்கள். “எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க” என்பார்கள். இந்தச் சட்டத்தில் நிவாரணம் கேட்க எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. “அது அந்த ஊர் எல்லை” என்பார்கள். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனு போடலாம் என்கிறது பிரிவு 27. அம்மா வீடு போதும். “கல்யாணப் பதிவு இருக்கா?” என்றால், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவரும், ஒரே வீட்டில் இருக்கும் தாய், சகோதரி, விதவை மருமகளும் இதில் வருகிறார்கள். “வீடு மாமியார் பேர்ல இருக்கே” என்பதும் காரணமாகாது. சட்டம் சொல்லும் பொதுவீடு, அதாவது அவள் குடும்ப உறவில் சேர்ந்து வாழும் வீடு என்பது கணவன் பெயரில் உள்ள வீடு மட்டுமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. “முதல்ல கவுன்சிலிங்” என்று வாரக்கணக்கில் அலையவிடுவது எல்லாவற்றிலும் மோசம். இந்தச் சட்டப்படி கவுன்சிலிங்குக்கு அனுப்புவது மனு தாக்கலான பிறகு மாஜிஸ்திரேட் எடுக்கும் முடிவு. புகாரை வாங்குவதற்கு அது நிபந்தனை அல்ல.

ஆஸ்பத்திரியிலும் கவனம் வேண்டும். கூட வந்த கணவன் சொன்னபடி ‘தவறி விழுந்தார்’ என்று விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பின்னால் வழக்கில் அதுவே அவளுக்கு எதிராக நிற்கும். யார், எதால் அடித்தார் என்பதை அவள் வாயாலேயே டாக்டரிடம் சொல்ல வையுங்கள். புகார் இல்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. மருத்துவ அறிக்கையின் நகலும் இலவசம்.

அடுத்து படிவம் 1, அதாவது குடும்ப வன்முறை அறிக்கை. பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தையாவது தன் கையால் நிரப்பிப் பார்க்க வேண்டும். ‘அடிக்கடி தகராறு’ என்று எழுதினால் பயனில்லை. ‘தீபாவளிக்கு மறுநாள் இரவு, சமையலறையில், விறகுக்கட்டையால், இடது முழங்கையில்’ என்று எழுதுங்கள். சம்பளத்தைப் பிடுங்குவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, நகையை அடகு வைப்பது எல்லாம் பொருளாதார வன்முறை. பெண்கள் இதைச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அறிக்கை கொடுத்துவிட்டால் கேஸ் போட்டாயிற்று என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அறிக்கை வேறு, வழக்கு வேறு. பிரிவு 12-இன்படி மாஜிஸ்திரேட்டிடம் படிவம் 2-இல் மனு போக வேண்டும். பாதுகாப்பு அலுவலர் உதவ வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100 என்ற சட்ட உதவி எண் அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது, வருமானச் சான்றிதழ் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வழக்கு எண் கையில் வரும்வரை மனு போட்டாயிற்று என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது அப்படி இல்லை. அதனால் மனுவோடு படிவம் 3 பிரமாணப் பத்திரத்தையும் வைத்து, பிரிவு 23-இன்படி இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். அதைக் கேட்காமல் விட்டால், கடைசித் தீர்ப்பு வரும்வரை அவளுக்குப் பாதுகாப்பும் இல்லை, செலவுக்குக் காசும் இல்லை.

உத்தரவு நகலை உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். “சிவில் விஷயம், கோர்ட்டுக்கே போங்க” என்று ஸ்டேஷனில் சொன்னால், இதைச் சொல்லும் பிரிவு 31, 32 என்று எழுதிய தாளை நீட்டுங்கள்.