பரிசாக வரும் டாங்கிச் சவாரி: வாங்குமுன் கேட்டுவிடுங்கள்

இங்கிலாந்தில் வாழும் நம் பிள்ளைகள், தம்மிடம் வந்து நிற்கும் பெற்றோருக்கு உடுப்பும் கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுத்து அலுத்துப்போய், இப்போது ‘அனுபவப் பரிசு’களைத் தேடுகிறார்கள். சேவையிலிருந்து நீக்கப்பட்ட இராணுவ வாகனமொன்றைச் சேற்றுத் தரையில் ஓட்டிப் பார்ப்பதும் அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் நான் இதைப் பற்றி எழுதுவதற்கு, என்னிடம் வந்த தந்தை ஒருவரே காரணம். அவருடைய அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

அறுபதாவது பிறந்தநாளுக்கு, எங்கே போகிறோம் என்று சொல்லாமலே மகள் அவரைப் பண்ணையொன்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே நின்றது எஃப்வி 432 என்ற கவச வாகனம். 1960களில் பிரித்தானிய இராணுவத்தில் சேர்க்கப்பட்டது, ஏறத்தாழ 15 தொன் எடையுள்ளது, சங்கிலிச் சக்கரங்களில் ஓடுவது. அதில் ஸ்டியரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல்கள் மட்டுமே. இடது நெம்பை இழுத்தால் இடப்பக்கச் சங்கிலி பிடிபட்டு வண்டி இடப்புறம் திரும்பும். வாகனங்களில் ஆசையுள்ளவருக்கு அது மறக்கமுடியாத நாளாகவே இருக்கும். பயிற்றுநர், தலைக்கவசம், பாதுகாப்பு விளக்கம் எல்லாம் முறையாக இருந்தன. ஆனால் எஞ்சின் உறுமித் தரை அதிரத் தொடங்கியதும் தந்தை மகளின் ஜாக்கெட் கையைப் பிடித்தார்; பிடித்த பிடியை விடவில்லை. டீசல் மணம் தலையைச் சுற்றுகிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். மகளும் அதை நம்பிவிட்டார்.

1987 ஐப்பசியில் இந்திய இராணுவத்தின் டாங்கிகள் யாழ்ப்பாணத்தை அடுத்த கொக்குவிலுக்குள் வந்தபோது தந்தைக்கு வயது 23. அந்த நாட்களைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் ஒருபோதும் பேசியதில்லை. இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பியபின், ஒழுங்கை திருத்த வந்த, மண் தோண்டும் சங்கிலிச் சக்கர பெக்கோவின் சத்தம் கேட்டு, கிணற்றுக்கட்டுக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு மணி நேரம் குந்தியிருந்தவரை மனைவிதான் கண்டுபிடித்து என்னிடம் கூட்டிவந்தார்.

போரைக் கண்ட எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. பெரும்பாலானோர் காலப்போக்கில் தேறிவிடுகிறார்கள். மனவடு ஆழமாக உள்ளவர்களுக்கோ, நினைவு கதையாக அன்றி, புகை மணமாகவும் காலடியில் உணரும் அதிர்வாகவும் தங்கியிருக்கிறது. இது வேறு நாடு, வேறு காலம் என்று அறிவு சொல்வதற்கு முன்பே உடல் ஓடத் தயாராகிவிடுகிறது. என் அனுபவத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் வருவதும் நிறுத்தச் சொல்ல முடியாத நிலையுமே இதை மோசமாக்குகின்றன. என்னிடம் வரும் இளைஞர் ஒருவர், தானே விரும்பி, தன் காசில், கை உயர்த்தினால் எஞ்சினை நிறுத்தும்படி பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு ஓட்டி, சந்தோசமாகத் திரும்பினார். இதைச் சிகிச்சை என்று எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பயந்ததை எதிர்கொள்ளும் சிகிச்சையைப் பயிற்சி பெற்றவரே படிப்படியாகச் செய்ய வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, இந்தப் பரிசை மட்டும் இரகசியமாக வைக்காதீர்கள். “அப்பா, பழைய ஆமி வாகனம் ஓட்டிப் பார்க்க ஒரு இடம் இருக்கு, சத்தமும் புகையும் கூட, போக விருப்பமோ?” என்று காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், கட்டியபின் கேட்டால் காசு வீணாகிவிடுமே என்று நம் பெற்றோர் தலையாட்டிவிடுவார்கள். “உங்கட விருப்பம்” என்ற பதிலையும், பேச்சை மாற்றுவதையும் மறுப்பாகவே கொள்ளுங்கள்.

அங்கே போனபின் முகம் வெளிறினால், சத்தத்திலிருந்து அப்பால் அழைத்துப் போய், பாதம் நிலத்தில் பதிய இருத்தி, இடத்தையும் திகதியையும் மெல்லச் சொல்லுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று அப்போது துருவ வேண்டாம். நித்திரைக் குழப்பமும் திடுக்கிடுதலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். இலங்கையில் எங்கிருந்தும் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

அந்தத் தந்தை என் அறையிலிருந்தே வீடியோ அழைப்பில் மகளிடம் கொக்குவிலைப் பற்றிச் சொன்னார். மகள் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின், பெக்கோ வரும் நாளைத் தந்தை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். எஞ்சினைத் தொடங்குமுன் சாரதி கை காட்டியதாகவும், தான் வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்ததாகவும் சென்ற கிழமை சொன்னார்.