குடிபோதையில் அல்ல, குடித்துவிட்டு

"மதுவின் செல்வாக்கின் கீழ் வாகனம் ஓட்டுதல்." போன வாரம் ஒரு காப்பீட்டுப் படிவத்தைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தபோது இந்த வரி வந்தது. இதற்கு முன்பும் இரண்டு மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன், பேசாமல் கடந்துவிட்டேன். இந்த முறை முடியவில்லை. செல்வாக்கு என்பது செல்லும் வாக்கு. ஒருவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்றால் அவருக்குச் செல்வாக்கு இருக்கிறது என்போம். மதுவுக்கு வாக்கு கிடையாது. ஆங்கிலத்தில் இருந்த 'இன்ஃப்ளுயன்ஸ்' என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டியது இயந்திரமாக இருந்தாலும் அதை ஒருவர் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, அதைத் திருத்துவது சுலபம், சுட்டிக்காட்டினால் யாரும் ஒத்துக்கொள்வார்கள். எனக்குப் பெரிய வருத்தம், யாருமே தப்பு என்று நினைக்காத இன்னொரு தொடர் மேல்தான்: 'குடிபோதையில் வாகனம் ஓட்டுதல்'. செய்தித்தாள், தொலைக்காட்சி, சாலையோர எச்சரிக்கைப் பலகை என்று எங்கும் இதுதான். கேட்பதற்கு நல்ல தமிழாக இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்லும் குற்றம் அதுவல்ல.

சொற்களை முதலில் பார்த்துவிடலாம். குடி என்ற வினை தெரிந்ததுதான். தமிழில் செயப்படுபொருள் இல்லாமல் அதைச் சொன்னால் பொருள் ஒன்றே ஒன்று. "அவர் குடிப்பாரா?" என்று கேட்டால் தண்ணீரையோ மோரையோ யாரும் நினைப்பதில்லை. மது வடமொழிச் சொல், தேன் என்பது அதன் பழைய பொருள், தேனிலிருந்து காய்ச்சிய பானத்துக்கும் அப்புறம் எல்லா மதுவுக்கும் பெயரானது. நமக்கே உரிய பழைய சொற்கள் கள், நறவு, தேறல். கள்ளிலிருந்து பிறந்த வினை களித்தல். மகிழ்ச்சிக்கும் போதைக்கும் அந்த ஒரே சொல். ஆல்கஹால் அரபியிலிருந்து ஐரோப்பா போய் நம்மிடம் வந்தது, இலங்கையில் அதை மதுசாரம் என்கிறார்கள், நல்ல சொல்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. அதில் இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. முதலாவது, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது சோதனையில் தெரிய வந்தால் குற்றம். ஓட்டியவர் தள்ளாடினாரா, நாக்குக் குழறியதா, வண்டி வளைந்து போனதா என்று அந்த உட்பிரிவு கேட்கவே இல்லை, அதற்கு வேண்டியது ஓர் எண் மட்டும். இரண்டாவது, போதைப்பொருள் உட்கொண்டு வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருப்பது. அங்கேதான் நிலை வருகிறது, போதை வருகிறது. அதாவது இந்தப் பிரிவில் போதை என்ற சொல் பொருந்தும் இடம் மதுவைப் பற்றியதே அல்ல. பிரிவின் ஆங்கிலத் தலைப்பில் போதையைக் குறிக்கும் சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் வழக்கில் நிரூபிக்க வேண்டியது உட்பிரிவில் உள்ளதைத்தான். 1988இல் சட்டம் முதலில் வந்தபோது, இரத்தத்தில் எவ்வளவு குறைவாக ஆல்கஹால் இருந்தாலும் குற்றம் என்றுதான் எழுதியிருந்தார்கள், 30 என்ற எல்லை 1994 திருத்தத்தில் வந்தது. துளி இருந்தாலே குற்றம் என்று சொன்ன சட்டத்தைப் 'போதையில் ஓட்டுவது' என்று தமிழில் எப்படிச் சொல்ல முடியும்?

இது இந்தியாவில் மட்டும் உள்ள விஷயமும் அல்ல. இரத்தத்தில் இத்தனைக்கு மேல் இருந்தால் குற்றம் என்று எண்ணைச் சட்டத்தில் எழுதிய வழியை 1936இல் நார்வே தொடங்கிவைத்தது. பிரிட்டன் 1967இல் 80 மில்லிகிராம் என்று வைத்தது. அதற்கு முன்பு அங்கே ஓட்டுபவர் ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, வாதாடித் தப்பிக்க நிறைய இடம் இருந்தது. இப்போது பிரிட்டனின் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இரண்டும் தனித்தனிக் குற்றங்கள்: மதுவால் ஓட்டத் தகுதியில்லாமல் போனது பிரிவு 4, அளவுக்கு மேல் மது இருந்தது பிரிவு 5. மலேசியச் சட்டத்திலும் இந்தப் பிரிப்பு உண்டு, 2020இல் அவர்கள் எல்லையை 80இலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். சிங்கப்பூரும் இரண்டையும் பிரித்தே எழுதியிருக்கிறது. இந்த நாடுகள் சிலவற்றில் தமிழிலும் அறிவிப்பு எழுதுகிறார்கள். இரண்டு குற்றங்களுக்கும் ஒரே தமிழ்த் தொடரைப் போட்டால் படிப்பவர் எதை எதிலிருந்து பிரித்துப் பார்ப்பார்?

ஆங்கிலத்திலேயே இரண்டு சொல்வழக்குகள் இருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்கர்கள் 'டிரங்க் டிரைவிங்' என்பார்கள், அதில் போதை இருக்கிறது. பிரிட்டனில் 'டிரிங்க் டிரைவிங்', அதில் குடித்தது மட்டும்தான் இருக்கிறது. நாம் முதல் சொல்வழக்கை எடுத்துக்கொண்டு, எண்ணை வைத்துத் தண்டிக்கும் சட்டத்துக்குப் பெயராக வைத்துவிட்டோம். வழக்கு பதிவாகும் இடத்தில் 'டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ்' என்று வாயில் வந்துவிடுகிறது, அதை எழுதும்போது குடிபோதை ஆகிவிடுகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று இதை விட்டுவிட முடியாது. உறவினர் ஒருவர் பிடிபட்டார். அவர் என்னிடம் சொன்னது: "தம்பி, சத்தியமா எனக்குப் போதையே இல்ல, ரெண்டுதான் குடிச்சேன், நேரா நின்னுதான் பேசினேன்." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த குற்றத்தின் பெயர் 'குடிபோதையில் ஓட்டுவது', அவருக்குப் போதை இல்லை, ஆகவே தான் குற்றம் செய்யவில்லை என்று மனதார நம்பினார். அந்தப் பலகையில் 'குடித்துவிட்டு ஓட்டாதீர்கள்' என்று இருந்திருந்தால் அந்த நம்பிக்கைக்கு இடமே இருந்திருக்காது. குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 'களித்தறியேன் என்பது கைவிடுக' என்று வருகிறது. குடித்துக் களித்ததே இல்லை என்று சொல்வதை விட்டுவிடு என்று அன்றே சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அதே அதிகாரத்தின் தலைப்பு உண்ணாமையைப் பேசுகிறது, களியாமை என்று பெயர் வைக்கவில்லை. குடிப்பது வேறு, அதனால் வரும் மயக்கம் வேறு என்ற பிரிப்பு தமிழுக்குப் புதிதல்ல.

இன்னொரு சிக்கல் 'தெளிதல்'. போதை என்று சொன்னால் உடனே அது தெளியும் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. தூங்கி எழுந்தாயிற்று, காபி குடித்தாயிற்று, தெளிந்துவிட்டது, வண்டியை எடுக்கலாம். ஆனால் ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். சராசரியாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்கு 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறைகிறது, காபியும் குளிர்ந்த குளியலும் அதை வேகப்படுத்தாது. நள்ளிரவில் 150 இருந்தால் காலை ஆறு மணிக்கு 60 இருக்கும். ஆள் தெளிவாகத்தான் இருப்பார், ஆனால் இந்திய எல்லையைப் போல இரு மடங்கு உடம்பில் இருக்கும். போதை என்ற சொல்லால் இந்தக் காலை நேரக் குற்றத்தைச் சொல்லவே முடியாது.

சரி, மாற்று என்ன? பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது: குடித்துவிட்டு ஓட்டுதல். 'விட்டு' என்ற அந்தத் துணைவினையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குடிப்பது முடிந்தது, அப்புறம் ஓட்டினார் என்ற வரிசையை அது ஒரே சொல்லில் தருகிறது. 'குடித்துக்கொண்டு' என்றால் கையில் பாட்டிலோடு ஓட்டுவது, அமெரிக்காவில் பல மாநிலங்களில் வண்டிக்குள் திறந்த பாட்டில் இருப்பதே தனிக் குற்றம். ஆக, குடித்துவிட்டு, குடித்துக்கொண்டு, போதையில் என்று மூன்று நிலைகளுக்கும் மூன்று சொற்கள் நம்மிடம் தயாராக இருக்கும்போது ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'குடித்துவிட்டு' கொச்சையாக இருக்கிறது, 'மது அருந்திய நிலையில்' என்று எழுதலாமே என்பவர்களோடு நான் நிறைய வாதாடியிருக்கிறேன். முதல் விஷயம், அருந்துதல் மரியாதைச் சொல். விருந்தினரிடம் உணவருந்துங்கள் என்போம். ஒரு குற்றத்தின் பெயரில் அந்த மரியாதைக்கு என்ன வேலை? இரண்டாவது, 'நிலையில்' என்ற சொல் மறுபடியும் நம்மைப் போதைக்கே கொண்டுபோகிறது, என் நிலை நன்றாகத்தான் இருந்தது என்று அவர் சொல்லிவிடுவார். குடித்தாரா இல்லையா என்பதுதான் கேள்வி. மது வடசொல், நறவுண்டு ஓட்டல் என்று சொல்லலாம் என்று இன்னொரு பக்கத்திலிருந்து வருபவர்களும் உண்டு. நறவு எனக்கும் பிடித்த சொல். ஆனால் எச்சரிக்கைப் பலகையை வண்டி ஓட்டுபவர் ஒரு நொடியில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நறவு உதவாது, குடி உதவும், அதுவும் நம் சொல்லே.

இதே மயக்கத்தில்தான் 'மதுப்பிரியர்' என்ற சொல்லும் வந்தது. சாலையில் ஒருவரை இடித்துக் கொன்றவரைப் பற்றிய செய்தியில் 'மதுப்பிரியர்' என்று எழுதுகிறார்கள். 'குடிமகன்' என்றும் எழுதி அதை நகைச்சுவை என்று நினைக்கிறார்கள். நாட்டின் உரிமையுள்ள ஆளைக் குறிக்கும் சொல் அது, அதையும் கெடுத்து, செத்தவர் வீட்டுத் துக்கத்தையும் சிரிப்பாக்குவது எனக்குத் தாங்கவில்லை.

தண்டனையைச் சொல்லும் வரிகளிலும் இதே கவனக்குறைவுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். 'வரை' சிறைக்கு மட்டும்தான். செய்தியில் அதை அபராதத்துக்கும் சேர்த்து 'ரூ.10,000 வரை' என்று போடுகிறார்கள், சிறையை விட்டேவிடுகிறார்கள், ஏதோ தலைக்கவசம் போடாததற்குக் கட்டுவதுபோல் பணம் கட்டினால் முடிந்தது என்று படிப்பவர் நினைக்கிறார்.

ஆகவே என் பரிந்துரை இது. பொது வழக்குக்கும் பலகைக்கும் 'குடித்துவிட்டு ஓட்டுதல்'. சட்ட நூலுக்கு இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் 'வரம்பு மீறிய மதுவுடன் ஓட்டுதல்'. 'போதையில் ஓட்டுதல்' என்பதைத் தூக்கி எறிய வேண்டாம், கட்டுப்பாடு இழந்த நிலையை நிரூபிக்க வேண்டிய அந்த இன்னொரு குற்றத்துக்கு அது சரியான பெயர். ஓட்டியவரை ஓட்டுநர் என்று எழுதுங்கள், இயக்குநர், பெறுநர் போல, ஓட்டுனர் வேண்டாம். இலங்கையர் சாரதி என்றே எழுதட்டும், அது அவர்களிடம் உயிரோடு இருக்கிறது.

அப்புறம், குடித்திருக்கிறாரா என்று மூச்சை வைத்துச் சோதிக்கும் அந்தக் கருவி. சுவாசப் பகுப்பாய்வி என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். பிடிபட்டவரிடம் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், "ஊதச் சொன்னாங்க" என்பார். ஊதுமானி என்று வைத்துக்கொள்ளலாமே, வெப்பமானிபோல.