சீட்டை வரையச் சொன்ன செயலி: தாரோ, வாசிப்பு, சீட்டுக்குறி

கிருஷ்ணகிரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் அக்காள் மகள், போன விடுமுறைக்குத் தருமபுரி வந்திருந்தபோது, கைப்பேசியை என் முன் நீட்டி, “மாமா, இதுல என்னத்த வரையச் சொல்றாங்க?” என்று கேட்டாள். தாரோ (பலர் ‘டாரட்’ என்று எழுதுவது) என்னும் படச் சீட்டுகளை எடுத்துக் குறி பார்க்கக் கற்றுத் தரும் செயலி ஒன்றின் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாள். திரையில், ‘தளத்தைக் கலக்கி ஓர் அட்டையை வரையவும்’ என்று இருந்தது. கட்டைக் கலைத்து ஒரு சீட்டை எடு என்பதுதான் சேதி. ஆங்கிலத்தில் சீட்டுக்கட்டுக்கும் கப்பலின் மேல்தளத்துக்கும் ஒரே சொல். உருவி எடுப்பதற்கும் படம் வரைவதற்கும் ஒரே வினை. இயந்திரம் இரண்டிலும் தவறான பொருளைப் பிடித்துக்கொண்டது.

அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். விட முடியாதது அடுத்த வரி: ‘உங்கள் இன்றைய வாசிப்பு’. இதை இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. ‘தாரோ வாசிப்பு’, ‘தாரோ வாசிப்பாளர்’ என்று மனிதர்களே காணொளிகளிலும் விளம்பரங்களிலும் எழுதி, கேட்டுக் கேட்டுக் காது புளித்த சொல் அது.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகப் பிறந்த இந்தச் சீட்டுகளை அப்போது ‘திரியோன்ஃபி’ என்றார்கள். வெற்றிகள் என்று பொருள். 1505ஆம் ஆண்டு ஆவணங்களில் ‘தரோக்கி’ என்ற பெயர் தலைகாட்டுகிறது. அதன் பிரெஞ்சு வடிவமே நமக்கு ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்தது. வேர்ச்சொல் எது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. எகிப்தின் பழைய ஞானம் இந்தச் சீட்டுகளில் ஒளிந்திருக்கிறது என்பது 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பிவிட்ட கதை. குறி பார்க்கும் பழக்கம் பெருகியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். இறுதி மெய் பிரெஞ்சிலும் ஒலிப்பதில்லை, ஆங்கிலத்திலும் ஒலிப்பதில்லை. ஆகவே ‘டாரட்’ என்று டகரத்தை இரண்டு முனையிலும் வைத்து எழுதுவது வீண் வேலை. பிரெஞ்சு ஒலி தகரமே. தமிழில் டகரம் மொழிக்கு முதலில் வாராது என்ற இலக்கணமும் அதற்கு ஒத்துப்போகிறது. ‘தாரோ’ என்று எழுதினால் போதும். பெயர்ச்சொல்லைத் தமிழாக்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை.

பிடிவாதம் இருப்பது செயலில். வாசிப்பு என்பதை ஆதரிக்கும் நண்பர் ஒருவர், நான்கு ரோட்டுத் தேநீர்க் கடையில் என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். நாடி சோதிடத்தில் ஏடு வாசிக்கிறார்களே, இதுவும் அதுபோலத்தானே என்பது அவர் கட்சி. ஏட்டில் எழுத்து இருக்கிறது. எழுத்தைக் கண்டு வாய்விட்டுச் சொல்வதால் அது வாசிப்பு. தாரோவின் 78 சீட்டுகளில் (22 பெருஞ்சீட்டு, 56 சிறு சீட்டு) இருப்பதோ படம். 1909இல் ஆர்தர் எட்வர்டு வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டையே இன்றைய செயலிகள் பலவும் பின்பற்றுகின்றன. பிரான்சின் பழைய மார்செய் வகைக் கட்டில் எண் கொண்ட சிறு சீட்டுகளில் ஐந்து கோப்பை, ஏழு வாள் என்று வெறும் எண்ணிக்கைதான் தெரியும், ஸ்மித்தோ 56 சிறு சீட்டுகளுக்கும் படம் போட்டு, பெரும்பாலானவற்றில் கதைபோல ஒரு காட்சியையே அமைத்துவிட்டார். காட்சியைப் பார்ப்பார்கள், வாசிக்க மாட்டார்கள். கைரேகை பார்க்கிறோம், சாதகம் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், பூப் போட்டுப் பார்க்கிறோம். கைரேகை வாசித்தேன் என்று நம் ஊரில் எவராவது சொன்னால், அவர் எதையோ மொழிபெயர்த்துப் பேசுகிறார் என்று பேருந்து நடத்துநருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஆங்கிலேயர் சீட்டுக்கு ஏன் ‘ரீட்’ என்ற வினையைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், அவர்களுடைய பழைய மொழியில் அதற்கு அறிவுரை சொல்லுதல், உட்பொருள் விரித்தல் என்ற பொருள்களும் இருந்தன. விடுகதையைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லும் அதே வேரில் கிளைத்தது. எழுத்தைப் படித்தல் என்ற பொருள் அந்த வினைக்கு வந்து சேர்ந்த ஒன்று. நம் ‘வாசி’யோ ‘வாக்கு’ என்பதோடு உறவுடைய வடசொல்லிலிருந்து, ஓதுதல் என்ற பொருளோடு வந்தது. உட்பொருள் காணுதல் என்ற பழைய பொருள் அதற்கு இல்லாதபோது, ஆங்கிலச் சொல்லின் இன்றைய மேல்தோலை மட்டும் உரித்துவந்து ஒட்டியதுதான் ‘தாரோ வாசிப்பு’.

எனக்கு உகந்த சொல் ‘சீட்டுக்குறி’. குறி பார்த்தல், குறி கேட்டல், குறி சொல்லுதல் என மூன்று வினைகளும் மூன்று ஆட்களுக்குப் பொருத்தமாக ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கின்றன. குறி என்றால் கோடாங்கியும் உடுக்கையும் நினைவுக்கு வருகின்றன, படித்த பிள்ளைகள் மனத்தை அறிந்துகொள்வதற்காகச் செய்வதற்கு அது பொருந்தாது என்று நண்பர் முகம் சுளித்தார். குறி என்பதன் முதற்பொருள் அடையாளம், ‘குறிப்பு’ம் ‘குறித்தல்’உம் அதிலிருந்து வந்தவை, அடையாளத்திலிருந்து கருத்தைக் கொள்வது என்பதைவிட மனத்தை அறிவதற்கு நெருங்கிய சொல்லை அவரால் காட்ட முடியவில்லை. குறி சொல்பவள் நாகரிகக் குறைவானவளும் அல்லள். நம் தகடூர் அதியமானோடு சேர்த்துப் பேசப்படும் ஔவையார், குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் ‘அகவன் மகளே’ என்று விளித்து, இன்னும் பாடு என்று கேட்பது ஒரு குறிகாரியைத்தான்.

‘அட்டை’யும் எனக்கு உறுத்துகிறது. எடுத்துக் காட்டுவதற்காக வைத்திருப்பது அட்டை: குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை. கலைத்து, வெட்டி, விரித்து, உருவுவது சீட்டு. கூண்டைவிட்டு வெளியே வரும் கிளி சீட்டு எடுக்கிறது. அட்டை எடுக்கிறது என்று சொன்னால் ஈர மண்ணில் நெளியும் அட்டைதான் கண்ணில் வரும். ‘மூன்று அட்டைப் பரவல்’ என்று அந்தச் செயலி எழுதியிருந்ததை நான் நோய்ப் பரவல் போலவே படித்தேன். மூன்று சீட்டு விரிப்பு என்றால் எவருக்குப் புரியாது?

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்க்கும் அளவுக்குப் பொருளைப் பார்ப்பதில்லை என்பதற்கு 12ஆம் எண் பெருஞ்சீட்டு சான்று. செயலியில் அதன் பெயர் ‘தூக்கிலிடப்பட்ட மனிதன்’. பருவத் தேர்வுக்கு முதல்நாள் இரவு இந்தப் பெயரைக் கண்டு என் மருமகள் தூக்கம் கெட்டிருக்கிறாள். படத்திலோ ஒருவன் ஒற்றைக் காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான். மற்றக் கால் மடங்கியிருக்கிறது, முகம் அமைதியாக இருக்கிறது, தலையைச் சுற்றி ஒளிவட்டம். பொறுத்திரு, மாற்றுக் கோணத்தில் பார் என்று பொருள் சொல்கிற சீட்டு அது. இத்தாலியப் பெயரான ‘லப்பேசோ’வுக்குத் தொங்கவிடப்பட்டவன் என்றே பொருள். தமிழில் தூக்கு என்றதும் கழுத்துக் கயிறு வந்துவிடும் என்பது மொழிபெயர்த்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? படத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே போதும்.

அவள் நாள்தோறும் ஒரு சீட்டை எடுத்து, விளக்கத்தைத் திறப்பதற்கு முன்பு படத்தில் கண்டதைத் தானே நான்கு வரி எழுதிப் பழகுகிறாள். விடுதித் தோழிகளுக்கும் பார்க்கிறாளாம். அவர்கள் என்ன சொல்லிக் கேட்பார்கள் என்று விசாரித்தேன். “‘எனக்கும் சீட்டுப் பாத்துச் சொல்லுடி’ன்னுதான் மாமா கேப்பாங்க. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்ல,” என்றாள். அவளுடைய குறிப்பேட்டில் ‘இன்றைய வாசிப்பு’ என்று அச்சடித்தாற்போல் எழுதியிருந்த தலைப்பை அடித்துவிட்டு, ‘இன்றைய சீட்டு: தொங்குபவன்’ என்று நானே எழுதிக் கொடுத்தேன்.