எழும்பாத கன்றுக்கு அப்பன் காளை எது?

ஈன்று ஒரு நாளாகியும் கன்று எழும்பவில்லை என்று தோட்ட லயத்திலிருந்து கூப்பிடுவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் கண்ணூறு, ராசியில்லாத பசு என்று காரணம் முடிவாகியிருக்கும். சில வீடுகளில் பசுவுக்கு விலையும் பேசியிருப்பார்கள். காளையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

எழும்பாத கன்றெல்லாம் பரம்பரை நோய்க் கன்று அல்ல. கடினமான ஈற்றில் நரம்பு அடிபட்டிருக்கலாம், சீம்பால் போதாமல் போயிருக்கலாம், செலனியமோ வைட்டமின் ஈயோ குறைந்து தசை பழுதாகியிருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே முதலில் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

ஆனால் கன்று விழிப்பாக இருக்கிறது, பின்னங்கால்களில் குறையில்லை, முன்னங்கால்கள் மட்டும் விறைத்துப் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியாமல் கிடக்கிறது என்றால்? அமெரிக்க ஜேர்சி மாடுகளில் அப்படியொரு பரம்பரை நரம்பு நோயைக் கண்டறிந்திருக்கிறார்கள். 6ஆம் நிறமூர்த்தத்திலுள்ள யூசிஎச்எல்1 என்ற பரம்பரையலகில் ஏற்பட்ட மாற்றமே அதற்குக் காரணம். குணப்படுத்த மருந்து இல்லை.

இது பின்னிடைவான நோய். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் கன்று பாதிக்கப்படும். ஒரு பிரதி மட்டும் உள்ள மாடு நன்றாக மேயும், நன்றாகக் கறக்கும். பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் சராசரியாக நான்கு கன்றில் ஒன்று பாதிக்கப்படும்.

நம் தோட்டங்களில் நடப்பதைப் பாருங்கள். ஒரு டிவிசன் முழுவதற்கும் ஒரே காளை. சில வருடங்களில் அதன் மகள்களே பருவத்துக்கு வரும். அவற்றுக்கும் அதே காளைதான். அந்தக் காளை நோயைச் சுமந்தால் மகள்களில் பாதி சுமக்கும்; அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றுகளில் எட்டில் ஒன்று பாதிக்கப்படலாம். சினை ஊசி போட்டாலும் தாய்க்கும் மகளுக்கும் ஒரே காளையின் விந்து என்றால் கணக்கு இதேதான். ஊசி போட வருபவரிடம் ஸ்ட்ரோவில் (விந்து அடைத்த சிறு குழாயில்) உள்ள காளையின் இலக்கத்தைக் கேட்டு, பால் கணக்குக் கொப்பியிலேயே திகதியோடு எழுதிவையுங்கள். கேட்டால் சொல்வார்கள், தயங்க வேண்டாம்.

சந்தேகமான கன்று இறந்துபோனால் உடனே புதைத்துவிடாதீர்கள். போனில் வீடியோ எடுத்து, வாலிலிருந்து வேரோடு சில மயிர்களைப் பிடுங்கி, காய்ந்த கடித உறைக்குள் வைத்து வைத்தியரிடம் கொடுங்கள். மரபணுச் சோதனைக்கு அது உதவும். அப்புறம், அந்தப் பசுவை அவசரப்பட்டு விற்காதீர்கள். அந்த நோயைச் சுமக்கவில்லை என்று சோதித்து அறியப்பட்ட காளையோடு சேர்த்தால் அதற்குப் பிறக்கும் கன்றுக்கு இந்த நோய் வராது.