படத்தை அனுப்புவது போனா, டிவியா?

அத்தை வீட்டில் வளைகாப்பு முடிந்த மாலை. போட்டோக்களைப் பெரிதாகப் பார்க்கலாம் என்று எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தாயிற்று. என் போனில் ஸ்கிரீன் மிரரிங்கைத் தட்டினேன். டிவியின் பெயர் வந்தது. அதைத் தொட்டதும் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடா" என்றார் மாமா. பண்ணினேன். வட்டம் மறுபடியும் சுற்றியது. உண்மையில் அந்த வேலைக்கும் ரவுட்டருக்கும் சம்பந்தமே இல்லை.

போனில் இருப்பதை டிவியில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் நாம் ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். ஒன்று மிரரிங்: போன் தன் திரையை அப்படியே படம்பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னொன்று காஸ்ட்: 'இந்த வீடியோ இந்த முகவரியில் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள்' என்று போன் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எது நடக்கிறது என்று தெரிய வேண்டுமா? ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். டிவியிலும் வாட்ஸ்அப் வந்தால் மிரரிங். டிவி பாட்டுக்கு வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தால் காஸ்ட்.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் மிரரிங் நடப்பது மிராகாஸ்ட் என்ற முறையில். வைஃபைக்கு விதிகள் வகுக்கும் நிறுவனக் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2012இல் கொண்டுவந்தது. ஐபோனுக்கு இது தெரியாது, அதற்கு ஏர்பிளே என்று ஆப்பிளின் சொந்த முறை தனி. மிராகாஸ்டில் போனும் டிவியும் வைஃபை டைரக்ட் வழியாக நேரடியாகக் கைகோத்துக்கொள்கின்றன. நடுவில் ரவுட்டர் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ஆனால் போனின் வைஃபை ஆனில் இருக்க வேண்டும்.

இதில் போனுக்கு வேலை அதிகம். 1920×1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 படம் என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 150 கோடி பிட். அதை அப்படியே காற்றில் அனுப்ப முடியாது. அதனால் எச்.264 முறையில் சுருக்குகிறார்கள்: ஒரு முழுப் படம், அதன் பிறகு வருபவற்றில் என்ன மாறியதோ அது மட்டும். நடுவில் கொஞ்சம் தகவல் தொலைந்தால், திரும்ப அனுப்பக் காத்திருக்க நேரமில்லை, அடுத்தது வந்துவிடும். பெரியம்மாவின் முகம் திடீரென்று கட்டங்கட்டமாகக் கலைந்து, பட்டுப்புடவையின் நிறம் கன்னத்தில் வழிந்து, ஓரிரு நொடியில் சட்டென்று தெளிவாகிறதே, அது இதனால்தான். தொலைந்த துண்டுக்கு மேல் மாற்றங்களை அடுக்கிக்கொண்டே போன டிவிக்கு, அப்போதுதான் புதிய முழுப் படம் ஒன்று கிடைத்திருக்கிறது.

இது அடிக்கடி நடந்தால் அலைவரிசையைச் சந்தேகப்படலாம். வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் பத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்ளும். இன்னொரு சங்கதியும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. போன் வீட்டு ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டே டிவியோடு 2.4இல் பேச வேண்டியிருக்கும். பல போன்கள் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாறி மாறித் தாவும். படம் திக்கும். கேலரி போட்டோதான் காட்டுகிறீர்கள் என்றால் வைஃபையை ஆனிலேயே வைத்துவிட்டு, வீட்டு நெட்வொர்க்கிலிருந்து மட்டும் வெளியே வந்து பாருங்கள்.

என் வட்டம் ஏன் சுற்றியது? தங்கைக்கு டேட்டா தீர்ந்துவிட்டதென்று மதியம் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்திருந்தேன். வைஃபை சில்லு அந்த வேலையில் மாட்டிக்கொண்டிருந்தது. அணைத்தேன், படம் வந்துவிட்டது.

காஸ்ட் வேறு கதை. டிவியில் செருகும் கூகுளின் குட்டிக் கருவியான குரோம்காஸ்ட் 2013இல் வந்தபோது பிரபலமான வழி இது. இங்கே ரவுட்டர்தான் எல்லாம். போன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு 'இங்கே டிவி யாராவது இருக்கிறீர்களா?' என்று குரல் கொடுக்கும்; டிவி பதில் சொன்னால்தான் பட்டியலில் அதன் பெயர் தெரியும். ஆகவே காஸ்டில் டிவியின் பெயரே வரவில்லை என்றால், அந்தக் குரல் எங்கே தடைபட்டது என்று தேட வேண்டும். போன், விருந்தாளிகளுக்கென்று தனியாக விடும் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கலாம். அங்கே ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்காதபடி ரவுட்டரே சுவர் எழுப்பிவிடும். போனின் தகவல்களை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம். ஐபோன் என்றால் காஸ்ட் செய்யும் ஆப்புக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி மறுக்கப்பட்டிருக்கலாம். மாமா சொன்ன ரவுட்டர் வைத்தியம் பலித்தால் இங்கேதான் பலிக்கும்.

அப்புறம் அந்தக் கறுப்புத் திரை. சத்தம் வரும், படம் வராது. அது கோளாறு இல்லை. திரையைப் பிரதியெடுக்கக் கூடாது என்று ஓடிடி ஆப் போனிடம் சொல்லிவைத்திருக்கிறது. அந்தப் படத்தை மிரரிங்கில் பார்க்க மல்லுக்கட்டாமல், ஆப்பிலேயே காஸ்ட் பொத்தான் இருந்தால் அதைத் தட்டிவிடுங்கள். வங்கி ஆப்களும் இப்படித்தான் கறுத்துப்போகும்.

ஆனால் வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வளையல் அடுக்கும் போட்டோ டிவியில் நிற்கும்போது, அதன் தலைக்கு மேல் என் இஎம்ஐ பாக்கி 43 அங்குலத்தில் இறங்கி வந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகவே படித்தார்.